ஓவர்லேயில் ஒரு லேபிள் எதுவரை செல்லும்?

செட்டிநாட்டில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஆளை விலாசம் சொல்லித்தான் தேடுகிறோம். வீட்டார் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரோடு கானாடுகாத்தானுக்குப் போய் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டிவைஸ் ட்ரீ என்பது ஒரு பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் மரவடிவக் குறிப்பு. ஓவர்லே என்பது அந்த அடிப்படை மரத்தின்மேல் பின்னர் ஏற்றும் கூடுதல் துண்டு. மரத்தின் கணுக்களுக்கு நாம் வைக்கும் லேபிளும் அப்படிப்பட்ட செல்லப்பெயர்தான்.

மூலக் கோப்பை டிடிசி கம்பைலர் பைனரியாக மாற்றும்போது லேபிள்கள் உதிர்ந்துவிடும். கணுக்களின் பாதைகளும், ஒரு கணு இன்னொன்றைச் சுட்டப் பயன்படும் பிஹேண்டில் எண்களும் மட்டுமே மிஞ்சும். -@ என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் எந்த லேபிள் எந்தப் பாதைக்கு உரியது என்ற பதிவேடு 'சிம்பல்ஸ்' என்ற கணுவாக உள்ளே எழுதப்படும். பின்னால் வரும் ஓவர்லே அந்தப் பதிவேட்டைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அடிப்படை மரத்தை -@ இல்லாமல் கம்பைல் செய்துவிட்டு ஓவர்லேயில் பிழை தேடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. 'சிம்பல்ஸ்' கணு இருக்கிறதா என்று எஃப்டிடிகெட் கருவியால் முதலில் பாருங்கள்.

அடுத்த தவறில் நாங்களே இரண்டு நாட்களை இழந்தோம். காரைக்குடியில் மாணவர்களோடு சேர்ந்து ஊருணியின் நீர்மட்டத்தைப் பதியும் கருவி செய்தோம். சிப்களை இணைக்கும் ஐ2சி தடத்தில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப்பைச் சேர்க்க ஓர் ஓவர்லே. அந்தச் சிப்பின் லேபிளைச் சுட்டி அழுத்த உணரியை இணைக்க இன்னோர் ஓவர்லே. முதலாவது சிக்கலின்றி ஏறியது. இரண்டாவதை ஏற்றும்போது, தேடியது கிடைக்கவில்லை என்று, பூட் செய்யும் நிரலான யூ-பூட் நின்றுவிட்டது.

காரணம் இதுதான். இது ஓவர்லே என்று காட்டும் ப்ளக்இன் குறியோடு எழுதிய கோப்பில், வெளியே இருக்கும் லேபிளைச் சுட்டும் இடங்களையெல்லாம் டிடிசி தானாகவே 'ஃபிக்ஸப்ஸ்' கணுவில் குறித்துவைக்கும். அதனால் -@ இல்லாமலும் முதல் ஓவர்லே அடிப்படை மரத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனால் தன் சொந்த லேபிளை அது எங்கும் பதியவில்லை. பிறரிடம் கேட்க -@ தேவையில்லை. பிறர் நம்மைக் கண்டுபிடிக்கத்தான் அது தேவை. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

-@ கொடுத்தாலும் மீதி, ஏற்றும் நிரலின் கையில் இருக்கிறது. யூ-பூட் பயன்படுத்தும் லிப்எஃப்டிடி என்ற நிரல் நூலகம், ஓவர்லேயின் பதிவேட்டை அடிப்படை மரத்தோடு இணைத்துவிடும். ராஸ்பெர்ரி பையின் ஃபர்ம்வேரோ 'எக்ஸ்போர்ட்ஸ்' கணுவில் குறித்த லேபிள்களை மட்டுமே அடுத்த ஓவர்லேக்குக் காட்டும். ஒரு பலகையில் ஓடியது இன்னொன்றிலும் ஓடும் என்று எண்ண வேண்டாம். ஏற்றும் வரிசையும் முக்கியம்: லேபிளைத் தருவது முன்னே, கேட்பது பின்னே.

பிழைச் செய்தியே தராத தவறு ஒன்று உண்டு. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. அடிப்படை மரத்தில் இருக்கும் ஒரு லேபிளின் பெயரையே ஓவர்லேக்குள் வேறொரு கணுவுக்கும் வைத்தால், அந்த ஓவர்லேயில் வரும் சுட்டல்கள் எல்லாம் உள்ளே இருப்பதையே பிடித்துக்கொள்ளும். பதிவேடுகள் இணையும்போது லிப்எஃப்டிடி பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். லினக்ஸ் கர்னல் இதை ஏற்காமல் மறுத்துவிடுகிறது, அதுவே நல்லது. ஓவர்லேயின் லேபிள்களுக்குப் பணியைக் குறிக்கும் முன்னொட்டு வையுங்கள்.

கோண அடைப்புக்குள் வரும் சுட்டல் மட்டுமே பின்னர் நிரப்பப்படும். அடைப்பில்லாமல் எழுதினால் அது பாதைச் சரமாக வேண்டும். வெளியே இருக்கும் கணுவின் பாதை கம்பைலருக்குத் தெரியாது. ஓவர்லேயில் 'அலையசஸ்' என்ற மாற்றுப்பெயர்க் கணுவை எழுதுவோர் பெரும்பாலும் இங்கேதான் தடுக்குகிறார்கள். பாதையை முழுதாக எழுதினால் வேலை நடக்கும். கணுவின் பெயர் மாறினால் உடைந்துவிடும்.

ஓர் ஓவர்லே தோற்ற பிறகு, நினைவகத்தில் இருக்கும் அதே அடிப்படை மரத்தின்மேல் மறுபடி முயலாதீர்கள். தோல்வியுற்றால் அம்மரத்தின் அடையாள எண்ணையே லிப்எஃப்டிடி அழித்துவிடுகிறது, அரைகுறையாக மாறிய மரத்தோடு யாரும் பூட் செய்துவிடக் கூடாது என்பதற்காக. அடிப்படைக் கோப்பையும் ஓவர்லேயையும் திரும்ப ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.