அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு: வடசென்னையில் மரபு நடை நடத்தத் தொடங்குவோருக்கு

பாரிமுனையில் இறங்கி அரண்மனைக்காரத் தெரு எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். அரண்மனை எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தத் தெருவில் எந்த அரசரும் குடியிருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர்கள் இருந்தார்கள். ஆர்மீனியன் என்ற சொல் நம்மவர் வாயில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இன்றும் அங்கேயே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இத்தனையும் இருக்கிற தெருவை நாம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போகும் வழியில் தலை நிமிராமல் கடந்துவிடுகிறோம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழைய இடங்களைக் கூட்டாக நடந்து பார்த்து அவற்றின் கதையைப் பேசும் மரபு நடையை மாதம் ஒன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை பழைய புகைப்படங்களைத் திரட்டும் நாளும் நடத்தி வருகிறோம். பதிவு செய்த சங்கம் எல்லாம் இல்லை. ரப்பர் ஸ்டாம்பு கூடக் கிடையாது. "எங்கள் பேட்டையிலும் இப்படிச் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

எங்கள் முதல் நடையில் ஜார்ஜ் டவுனில் தொடங்கி ராயபுரம் ரயில் நிலையம் வரை ஒன்பது இடங்களைப் பட்டியலிட்டோம். கிளம்பும்போது 27 பேர். மூன்றரை மணி நேரம் கழித்து ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது ஆறு பேர், அதிலும் மூவர் எங்கள் வீட்டுக்காரர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி அங்கிருந்துதான் ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது என்று நான் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த என் மைத்துனர் "அடுத்த ரயில் எப்போது?" என்றார்.

இரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஐந்து நிறுத்தங்கள். இதற்கு மேல் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே காலையில் கொட்டிவிடும் ஆசை வரும். அடுத்த மாதத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

இரண்டாம் படி: பெயர்களைப் பிடியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

வடசென்னையில் வரலாற்றுக்குள் நுழைய எளிய வாசல் ஊர்ப்பெயர்தான். திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை என்றால் யாரோ மகானின் காலடி பட்ட இடம் என்று தோன்றும். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரில் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. காலெட் பேட்டை காலடிப்பேட்டை ஆயிற்று. வால்டாக்ஸ் சாலையின் கதை இன்னும் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு, அந்தச் செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்கக் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், நினைத்தார்கள். வசூல் கைகூடவில்லை. வராத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றைத்தான் யானைக்கவுனி என்று இன்றும் சொல்கிறோம். கவுனி என்றால் கோட்டை வாசல்.

இப்படிப்பட்ட கதைகள் இனிப்பானவை என்பதாலேயே ஆபத்தானவை. ராயபுரத்துக்குப் பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று அழைப்பதும், படகோட்டிகள் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் அங்கே இருப்பதும் இதற்குப் பொருந்துகின்றன. தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர், தொண்டியார் பேட்டை திரிந்துவிட்டது என்பார்கள். பொருத்தமான விளக்கம்தான். ஆனாலும் கல்வெட்டில் இருப்பதைச் சொல்லும் அதே குரலில் இவற்றைச் சொல்லக் கூடாது.

நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'ஆ', 'வ', 'ஊ' என மூன்றில் ஓர் எழுத்தை எழுதுவோம். ஆவணம், வழக்கு (மக்கள் வாய்வழியாகச் சொல்லி வருவது), ஊகம். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சிவாஜி வந்து வழிபட்டார் என்பது 'வ'. பேசும்போது "கோயிலில் இப்படிச் சொல்லப்படுகிறது" என்று தொடங்கிவிடுவோம். கதையின் சுவை இதனால் குறைவதில்லை. கூட்டத்தில் ஒரு வரலாற்று ஆசிரியர் இருந்தால் நம் மானமும் தப்பும்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. போங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம். அதற்கு முன் உங்கள் தெருவில் நான்கு வீடுகளின் பழைய கிரயப் பத்திரங்களைக் கேட்டுப் படியுங்கள். ஒரு வீட்டின் நான்கெல்லையைச் சொல்லும்போது வடக்கே யார் வீடு, கிழக்கே எந்தக் கிணறு, தெற்கே எந்த மண்டி என்று எழுதியிருப்பார்கள். மறைந்துபோன கிணறும் பெயர் மாறிய சந்தும் அந்த வரிகளில்தான் உயிரோடு இருக்கின்றன. பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே படித்துக் குறிப்பெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொத்து விஷயம், சந்தேகம் வருவது இயல்பு.

நான்காம் படி: வழியை இருமுறை நடந்து பாருங்கள்

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் எல்லைக்கல்லில் தொடங்குங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை விழுந்தது. 1749இல் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டிப் பகைவர் மறைந்து நிற்க வீடுகளே இருக்கக் கூடாது என்று, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இந்தக் கோட்டுக்குள் யாரும் கட்டக் கூடாது என்பதற்காக 1773இல் ஆறு எல்லைக்கற்கள் நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் கல் இது என்பதால் முதல் நிறுத்தத்திலேயே கூட்டம் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

அடுத்து உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவர். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியதை நினைவுபடுத்தும் பலகை அங்கே இருக்கிறது. அன்றிரவு துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. ஊரே மூட்டை கட்டியது. கூட்டத்தில் இருக்கும் முதியவர்களிடம் "எம்டன் என்று யாரைச் சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கண்டிப்பான மாமனார் முதல் காலாண்டுத் தேர்வில் பெயிலாக்கிய கணக்கு வாத்தியார் வரை வரிசையாக வந்து நிற்பார்கள்.

அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு, அதில் ஆர்மீனியத் தேவாலயமும் கச்சாலீசுவரர் கோயிலும், கடைசியாகக் காளிகாம்பாள் கோயில். ஞாயிறு காலை ஏழு மணி நல்ல நேரம். கடைகள் மூடியிருப்பதால் மேல்மாடங்களும் பழைய சாளரங்களும் கண்ணில் படும். வாரநாளில் தலைச்சுமையும் வண்டியும் தவிர வேறெதுவும் தெரியாது.

முதல் முறை தனியாக, கைக்கடிகாரத்தோடு நடங்கள். இரண்டாம் முறை, நடை நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், எழுபது வயதான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு நடங்கள். அவர் எங்கே உட்கார இடம் தேடுகிறாரோ அங்கே ஒரு நிறுத்தம் தேவை. கழிப்பறை எங்கே என்று அப்போதே விசாரித்துவிடுங்கள். இதை எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. எங்கள் நடைகளுக்குப் பெண்கள் குறைவாக வந்ததற்குக் காரணம் வரலாற்றில் ஆர்வமின்மை அல்ல, இதுதான் என்று எங்களுக்கு உறைக்கவே ஓர் ஆண்டு ஆயிற்று. காலையிலேயே திறந்திருக்கும் ஒரு சிற்றுண்டிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, நடை முடிந்ததும் எல்லோரும் அங்கேயே சாப்பிடுவதாகச் சொன்னோம். சிக்கல் தீர்ந்தது.

ஐந்தாம் படி: அனுமதி

காவல் நிலையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டு இடங்களில் நிர்வாகியை நேரில் பாருங்கள். திறக்கும் நேரத்தைக் கேட்டு, முந்தைய நாள் மறுபடியும் கேளுங்கள். ஒருமுறை "வாருங்கள், திறந்திருக்கும்" என்ற வாக்கை நம்பி 22 பேரோடு ஒரு பூட்டின் முன்னால் நின்றிருக்கிறேன். ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயிலுக்குள் மற்றவர்கள் போக முடியாது. அதைக் குறையாகப் பேசாமல் வெளியே நின்றே அதன் கதையைச் சொல்லலாம்.

ஆறாம் படி: நடை நாள்

இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். கையடக்க ஒலிபெருக்கி போதும், கோயில் வாசலில் அதையும் அணைத்துவிடுங்கள். ஒரு நிறுத்தத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் உங்கள் குரல் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

முதல் நடையை எப்போது வைப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஆகஸ்டு நல்ல மாதம். 1639 ஆகஸ்டு 22ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டு 2004 முதல் சென்னை தினம் கொண்டாடப்படுகிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதியில் நிகழ்ச்சி வைக்கலாம், ஆட்களும் எளிதில் வருவார்கள். குடை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: புகைப்படம் திரட்டும் நாள்

நடையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பேட்டைக்கு ஒரு படிப்பகமோ மன்றமோ இருக்கும் ஊர் நம்முடையது. கேரம் பலகையை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு பதிவேடு வைத்தால் போதும். "உங்கள் வீட்டுப் பழைய படங்களைக் கொண்டுவாருங்கள், அரை மணி நேரத்தில் திருப்பித் தருவோம்" என்று அறிவியுங்கள். சொன்னபடி அன்றே கொடுத்துவிடுங்கள். "வைத்துவிட்டுப் போகிறேன், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்றாலும் வாங்காதீர்கள்.

சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் பசையோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஆல்பத்தோடு சேர்த்தே, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். பின்புறம் எழுதினால் மென்மையான பென்சில் மட்டும், பேனா கூடவே கூடாது. லேமினேஷன் செய்து கொண்டுவருகிறவர்களைத் திட்டாதீர்கள், பாசத்தில் செய்தது. இனிமேல் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

படத்துக்குத் தேதி தெரியவில்லையா? ஓரங்களைப் பாருங்கள். தண்டவாளத்தில் டிராம் வண்டி நின்றால் அது 1895க்கும் 1953க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் சென்னையில் டிராம் ஓடிய காலம் அவ்வளவுதான். கூடவே வரும் கடித உறையில் 'மெட்ராஸ்-21' என்று முடிந்திருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தையது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு அந்த ஆண்டில்தான் வந்தது. பின்னாலும் சிலர் பழக்கத்தில் பழையபடியே எழுதினார்கள் என்பதால் இதற்கும் பக்கத்தில் ஒரு 'ஊ' போட்டுவிடுங்கள்.

படத்தைவிடப் பெரிய புதையல் அதைக் கொண்டுவந்தவர். கைப்பேசியை விமான நிலையில் வைத்து, அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பின்னி ஆலைகள் என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்கள் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எப்போது தொடங்கியது என்று கேட்காதீர்கள். 1918 ஏப்ரல் 27 என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஆலைச் சங்கு எத்தனை முறை ஊதும், வீட்டுக்கு வந்தால் சட்டையில் என்ன வாசனை இருக்கும், சம்பள நாளில் வாசலில் யார் யார் காத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். என் முதல் பதிவைத் திரும்பக் கேட்டேன். நாற்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடம் நானே பேசியிருந்தேன்.

போன முறை ஓர் ஆயா பித்தளைத் தூக்கு ஒன்றை முந்தானையில் மூடிக் கொண்டுவந்தார். படம் எதுவும் இல்லையா என்று கேட்டோம். "இதில்தான் அவருக்குத் தினமும் ஆலைக்குச் சோறு எடுத்துப் போவேன். இதைப் படம் பிடிக்க மாட்டீர்களா?" என்றார். ஸ்கேனரில் வைக்க முடியாது. ஜன்னலோரம் வெள்ளை வேட்டி விரித்துத் தூக்கை அதன்மேல் வைத்து எடுத்தோம். பதிவேட்டில் 'புகைப்படங்கள்' என்று போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டுப் 'பொருள்கள்' என்று எழுதினார் எங்கள் செயலாளர். ஆயா பக்கத்தில் நின்று, தூக்கின் மூடியில் இருந்த நசுங்கலைப் பற்றியும் எழுதச் சொன்னார்.