குளிர் வருமுன் பின்வளவில் செய்ய வேண்டியவை

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் புதிதாக வீடு எடுத்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, செப்டெம்பரோடை தோட்டம் முடிஞ்சுதா?" தக்காளி, கத்தரி, மிளகாய் முடிந்துவிடும், சரி. ஆனால் உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடுகிற காலமே ஒக்டோபர்தான்.

அதற்கு முன் கறிவேப்பிலையைக் காப்பாற்றுங்கள். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் சாடியை உள்ளே எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு கிழமை வெயில் படட்டும் என்று விட்டு, நான்கு வருடம் வளர்த்த கன்றை ஒரே இரவு உறைபனியில் இழந்தேன். காலையில் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கியது. அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

உள்ளே எடுக்குமுன் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் பழுப்பாகச் சிறு செதில்கள் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. நகத்தால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். தெற்குப் பார்த்த யன்னலோரம் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். டிசெம்பரில் இலை கொட்டும். பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இனி உள்ளி. சமையலுக்கு வாங்கிய உள்ளியை நட வேண்டாம். அதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது, இந்தக் குளிருக்குப் பொருந்தாது. உழவர் சந்தையில் நடுத்தண்டு கெட்டியான உள்ளூர் இனம் கேளுங்கள். 'மியூசிக்' என்ற இனம் ஒன்ராறியோவில் நன்றாக வரும். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் நட்டுவிட வேண்டும். பற்களைப் பிரித்து, தோல் உரிக்காமல், கூர்முனை மேலே இருக்க 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். வளவில் கொட்டிக் கிடக்கும் மேப்பிள் இலைகளை நொறுக்கி 10 செ.மீ. உயரத்துக்குப் போர்த்துங்கள். குளிர் பட்டால்தான் அந்த ஒற்றைப் பல், பல பற்களுள்ள பூண்டாகும். ஜூனில் சுருண்டு எழும் பூத்தண்டை வெட்டி வறை செய்யுங்கள், அவ்வளவு ருசி! ஜூலையில் உள்ளியை மண்ணிலிருந்து கிண்டி எடுக்கலாம்.

வசந்தத்தில் பூ வேண்டுமென்றால் டியூலிப் கிழங்கை 15 செ.மீ. ஆழத்தில் வைத்து, மேலே கோழிக்கூட்டு வலை விரியுங்கள். இல்லாவிட்டால் அணில் தோண்டிவிடும். டாஃபடில் கிழங்கு நஞ்சு, அணில் தொடாது.

உதிர்ந்த மற்ற இலைகளைக் கடதாசிப் பைகளில் கட்டி வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

வெளிக்குழாயை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் குழாய்க்குள் உறைந்தால் குழாய் வெடித்து பேஸ்மெண்ட் நனையும். ஹோஸைக் கழற்றி, பேஸ்மெண்டில் அந்தக் குழாய்க்குரிய வால்வை மூடி, பிறகு வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீர் முழுவதும் வடியவிடுங்கள்.