தலையில் அடிபட்ட பொடியனை மறுபடி மைதானத்தில் இறக்க முன்

உதைபந்தாட்டத்தில் கோணர் உதை வருகிறது, இரண்டு தலைகள் மோதுகின்றன. குருநகர், அரியாலை, நாவாந்துறை என்று யாழ்ப்பாணத்தின் எந்த மைதானத்திலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், அவன் "ஒண்டுமில்லை மாஸ்டர்" என்பான், ஆட்டம் தொடரும். மூளை அதிர்வு (concussion, அடியில் மூளை குலுங்குவது) வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஆகவே மயக்கம் வந்ததா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் என்றாலே வெளியே எடுங்கள்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே இருத்திக் கேளுங்கள்: "இது எந்த மைதானம்? எத்தினையாம் பாதி? கடைசிக் கோல் ஆர் அடிச்சது? போன மட்ச் ஆரோட? வெண்டனீங்களோ?" ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. பெயரையும் பிறந்த திகதியையும் கேட்பதில் பயனில்லை. அதிர்வு வந்தவனும் சரியாகவே சொல்வான். ஐந்துக்கும் பதில் வந்தாலும் தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சக் கூச்சம் இருந்தால் அவனை ஆட இறக்கக் கூடாது.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, இரண்டு இரண்டாகத் தெரிதல், கை கால் விறைப்பு, எழுப்ப முடியாத தூக்கம்: இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே போதனா வைத்தியசாலை. கழுத்து நோகுது என்றாலோ மயங்கிக் கிடந்தாலோ தூக்கி ஓட்டோவில் ஏற்றாதீர்கள். தலையைக் கையால் அசையாமல் பிடித்தபடி அம்புலன்சுக்கு 1990 ஐ அழையுங்கள்.

வீட்டுக்குத் தனிய, அதுவும் சைக்கிளில், அனுப்ப வேண்டாம். நித்திரை கொள்ளலாம், ஆனால் முதல் இரவு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நோவுக்குப் பனடோல் போதும். அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. இரண்டு நாள் போனையும் குறையுங்கள்.

பிறகு படிப்படியாக: நடை, மெதுவான ஓட்டம், பந்தோடு தனிப் பயிற்சி, டொக்டரின் சம்மதத்துக்குப் பிறகே மோதல் பயிற்சி, கடைசியில் மட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். தலையிடி கூடினால் ஒரு படி கீழே. பிரித்தானியாவின் 2023 வழிகாட்டல் கழக மட்டத்தில் போட்டிக்கு முன் குறைந்தது 21 நாள் கேட்கிறது. பெரிய மட்ச் கிட்டவருகிறது என்று இதைக் குறைப்பவர்கள்தான் அதிகம். ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, அரிதாக என்றாலும், மூளையை வீங்கச் செய்து ஆளையே கொல்லும்.

தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. வருடக்கணக்காகச் சேரும் அடிகளால் டௌ என்ற புரதம் மூளையில் படிந்து, பிற்காலத்தில் மறதி, கோபம், மனச்சோர்வு என்று வெளிப்படலாம்; இந்த மூளை நோயின் பெயர் CTE. 2002இல் இறந்த இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் ஜெஃப் ஆஸ்டிலின் மூளையில் இந்நோய் இருந்தது 2014இல்தான் தெரிந்தது. இறந்தபின் மூளையைப் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும். சின்னப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் அடிப்பதை 2020இலேயே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் விலக்கச் சொன்னது. இங்கேயும் செய்யலாம், காசு செலவில்லை. கபடியில் முழங்கால் தலையில் படுவதும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு அடியையும் திகதியோடு கழகக் கொப்பியில் எழுதி வையுங்கள்.