ஒரே முகவரி, இரண்டு பதிப்புகள்: என்ஜின்எக்ஸில் வருகையாளர்களைப் பிரித்து அனுப்புவது எப்படி?

செயலியின் புதுப் பதிப்பு தயார், ஆனால் எல்லாரையும் ஒரே ராத்திரியில் அதற்கு மாற்றப் பயமாக இருக்கிறது. நூற்றில் பத்துப் பேரை மட்டும் புதியதுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் வெப் சர்வர்) ஒன்றே போதும். ஒற்றை சர்வரில் ஓடும் சின்னத் தளத்துக்குக் குபர்நெட்டிஸ், இஸ்டியோ என்று பல சர்வர்களுக்கான பெரிய கருவிகளுக்குப் போவது வீண் வேலை. கோரிக்கைகளைப் பிரித்தனுப்ப ஹெச்ஏப்ராக்ஸியும் நல்ல கருவிதான். ஆனால் என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு?

டொமைன், எஸ்எஸ்எல் எல்லாம் அமைத்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். பழைய பதிப்பு 3001-ஆம் போர்ட்டில், புதியது 3002-இல். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில் தட்டுங்கள், இரண்டு சொல் வந்தால் நடுவே அடிக்கோடு.

படி 1: அப்ஸ்ட்ரீம்

வி1 (பழையது), வி2 (புதியது) என்று இரண்டு அப்ஸ்ட்ரீம் (கோரிக்கை போய்ச்சேர வேண்டிய இடம்) எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதன் போர்ட்டைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 2: குலுக்கல்

ஸ்ப்ளிட் கிளையன்ட்ஸ் என்ற கட்டளை, நாம் கொடுக்கும் ஒரு சரத்தை ஹாஷ் செய்து (அதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு) விழுக்காட்டின்படி பிரிக்கும். 10% என்றால் வி2, நட்சத்திரக் குறி போட்ட மீதி வி1. இது சர்வர் பிளாக்குக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போட்டால் ‘இங்கே அனுமதி இல்லை’ என்று என்ஜின்எக்ஸே சொல்லிவிடும்.

எந்தச் சரத்தைக் கொடுப்பது? பல எடுத்துக்காட்டுகளில் ஐபி முகவரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஓர் அலுவலகமே ஒரே ஐபியில் வரும், மொபைலில் வருகிறவருக்கோ வைஃபை மாறினாலே ஐபியும் மாறிவிடும். அதனால் ரிக்வெஸ்ட் ஐடி, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ஜின்எக்ஸ் வைக்கும் தனி அடையாளம், கொடுங்கள் (என்ஜின்எக்ஸ் 1.11.0 முதல் இருக்கிறது). அது கோரிக்கைக்குக் கோரிக்கை மாறும், ஆகவே தனியாக விட்டால் ஆபத்து: பக்கம் வி2-விலிருந்து வரும், அதன் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்கும்போது கோரிக்கை வி1-க்குப் போய் 404 விழும். அதை அடுத்த இரண்டு படிகள் சரிசெய்யும்.

படி 3: மேப்

மேப் கட்டளை (ஒரு மதிப்பைப் பார்த்து அதற்கேற்ற இன்னொன்றை ஒரு மாறியில் வைப்பது) வருகையாளரின் குக்கியை, அதாவது பிரவுசர் சேமித்துவைத்துத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பை, பார்க்கட்டும். குக்கியில் வி1 என்றிருந்தால் வி1, வி2 என்றிருந்தால் வி2, வேறு எதுவானாலும் குலுக்கலின் முடிவு. குக்கியின் மதிப்பை நேராக ப்ராக்ஸி பாஸில் (கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் கட்டளை) செருகும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். உங்கள் சர்வர் எங்கே போக வேண்டும் என்பதை வருகிறவர் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

படி 4: குக்கி

பதிலோடு ஒரு தலைப்பு வரியைச் சேர்க்கும் ஆட் ஹெடர் மூலம் மேப்பின் முடிவைக் குக்கியாகத் திருப்பி அனுப்புங்கள். ‘பாத்’ சாய்கோடு என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பிரவுசர் அந்தக் குக்கியை அந்தப் பக்கத்தின் கோப்புறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். ஆர்டர் பக்கத்தில் வி2-வில் இருந்தவர் முகப்புக்கு வந்ததும் வி1-க்குத் தாவக்கூடும். இன்னொன்று: லொகேஷன் பிளாக்குக்குள் (குறிப்பிட்ட பாதைக்கான அமைப்புப் பகுதி) வேறு ஓர் ஆட் ஹெடர் இருந்தால், மேலே சர்வர் மட்டத்தில் எழுதியது செல்லாது. அங்கேயும் எழுத வேண்டும்.

படி 5: ப்ராக்ஸி பாஸ் (இங்கே நிதானம்)

இதுவரை 3001 என்று நேரடியாக எழுதியிருந்த இடத்தில் மேப்பின் மாறியைப் போடுங்கள். இறுதியில் சாய்கோடு கூடாது!

நேரடி முகவரி இருந்தவரை, முதன்மை லொகேஷனில் அந்தச் சாய்கோடு எந்தத் தொல்லையும் தராது. மாறி வந்ததும் கதை வேறு. சாய்கோட்டையே முழுப் பாதையாக எடுத்துக்கொண்டு, வந்த பாதையை என்ஜின்எக்ஸ் தூக்கிப் போட்டுவிடும். தொடரியல் சோதனை பாஸ் ஆகும், முகப்பும் அழகாகத் திறக்கும். ஆனால் எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் அதே முகப்புதான். ஜாவாஸ்கிரிப்ட் கேட்டாலும் எச்டிஎம்எல்லே வருவதால் கன்சோலில் ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <’ என்று சிவப்பில் கத்தும். உடனே ஜாவாஸ்கிரிப்டைக் குடையத் தொடங்காதீர்கள். என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகையும் செயலியின் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் பாதைகள் சரியாக இருக்கும், பின்னதில் வெறும் சாய்கோடு வரிசையாக நிற்கும்.

502 பிழை வந்து, எரர் லாகில் ‘நோ ரிசால்வர் டிஃபைன்ட்’ என்றிருந்தால், மேப்பில் எழுதிய பெயரும் அப்ஸ்ட்ரீம் பெயரும் ஒத்துப்போகவில்லை. எழுத்துப்பிழையைத் தேடுங்கள்.

படி 6: சோதனை

லாக் ஃபார்மட்டில் அப்ஸ்ட்ரீம் முகவரியையும் சேர்த்து, ரீலோட் செய்து, குக்கி இல்லாமல் கர்ல் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) கொண்டு ஒரு 200 முறை தட்டுங்கள். 3002-க்கு ஏறக்குறைய 20 போக வேண்டும். கூடக் குறைய இருந்தால் கவலை வேண்டாம், குலுக்கல்தானே. உங்கள் பிரவுசரில் மட்டும் வி2 பார்க்க, குக்கியைக் கையால் மாற்றினால் போதும்.

இரண்டு பதிப்புக்கும் தரவுத்தளம் ஒன்றுதான் என்றால், வி1 படிக்கும் நெடுவரிசையை வி2-வின் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரல்) அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: 10-ஐ 50 ஆக்கியும் வி2-வுக்குக் கூட்டம் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் குக்கிக்கு 30 நாள் ஆயுள் கொடுத்திருந்தார். ஏற்கெனவே வி1 குக்கி வைத்திருப்பவர்கள் குலுக்கலுக்கே வருவதில்லை. ஒரு நாள், அதாவது 86400 நொடி, போதும். அப்புறம், வி2-வை அவசரமாகத் திரும்பப் பெற வேண்டுமானால் விழுக்காட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. மேப்பில் வி2 குக்கிக்கு எதிரேயும் வி1 என்று எழுதி ரீலோட் செய்யுங்கள். ப்ராக்ஸி கேஷ் (பதில்களைச் சேமித்துவைத்து மறுபடி தருவது) வைத்து, அதன் கேஷ் கீயை (சேமித்த பதிலை அடையாளம் காணும் சரம்) சொந்தமாக எழுதியிருப்பவர்கள் அதில் பதிப்பு மாறியையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் வி2-வின் பக்கம் வி1 ஆட்களுக்கும் போகும்.