பழைய ஆர்ட்ஃபோரம் இதழ்களைச் சேர்ப்பது எப்படி? நிலக்கலைப் பிரியர்களுக்கு

நிலக்கலை என்றால் நிலத்தையே பொருளாக வைத்துச் செய்யும் கலை. அந்தக் கலைஞர்களான ஸ்மித்சன், ஹைசர், நான்சி ஹோல்ட் எல்லாம் பாலைவனத்திலும் உப்பு ஏரியிலும் போய்ச் செய்துவைத்த வேலைகளை நேரில் பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அவை வந்து சேர்ந்ததே பத்திரிகை வழியாகத்தான். அதனால்தான் பின்னால் வந்த தொகுப்புப் புத்தகங்களைவிட அன்றைய இதழ்களையே, முதலில் ஆர்ட்ஃபோரம் என்ற அமெரிக்கக் கலைப் பத்திரிகையைத் தேடிப் பிடியுங்கள் என்கிறேன். ஈபேயில் கணக்கு தொடங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதலில் பட்டியல்

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்க வேண்டாம், ஆரம்பத்துக்கு நான்கு ஆர்ட்ஃபோரம் போதும். 1967 டிசம்பர் (நியூ ஜெர்சியின் பசாயிக்கில் பாலம், குழாய், மணல்தொட்டி என்று பார்த்ததையெல்லாம் ஸ்மித்சன் நினைவுச்சின்னங்களாக எழுதியது), 1968 செப்டம்பர் (மண்வேலைகள் பற்றிய அவரது கட்டுரை), 1977 ஏப்ரல் (யூட்டாவில் தான் நிறுவிய சன் டனல்ஸ் பற்றி ஹோல்ட் எழுதியது), 1980 ஏப்ரல் (டி மரியா உலோகக் கம்பங்களை நட்டுச் செய்த லைட்னிங் ஃபீல்டு).

2. தேடுவது

பலரும் தடுமாறுவது இங்கேதான். விற்பவர்கள் கலைஞர் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை, அதனால் மாதம், வருஷம் கொடுத்துத் தேடுங்கள். சிலர் "வால்யூம் 15, எண் 8" என்று மட்டும் போட்டிருப்பார்கள். எட்டு என்றதும் ஆகஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து ஆர்ட்ஃபோரத்தின் வால்யூம் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது. செப்டம்பர் 1, அக்டோபர் 2 என்று எண்ணிக்கொண்டே வந்தால் எட்டாவது ஏப்ரல், அதாவது ஹோல்ட் கட்டுரை வந்த அதே 1977 ஏப்ரல். கோடைக்குச் சேர்த்து ஒரே இதழ்தான், அதனால் அந்தக் காலத்து "ஜூலை இதழ்" என்று யாராவது விற்றால் அட்டையின் படத்தைக் கேளுங்கள்.

3. பணம் கட்டுவதற்கு முன்

பொருளடக்கப் பக்கம், உங்களுக்கு வேண்டிய கட்டுரையின் பக்கங்கள், முதுகு, இவ்வளவுக்கும் படம் கேளுங்கள். படங்களுக்காகப் பக்கத்தைக் கத்தரித்திருப்பார்கள், அட்டையைப் பார்த்தால் அது தெரியாது. நூலக முத்திரை இருந்தால் எனக்குக் கவலையில்லை, விலை குறையும். ஆனால் நூலகம் பைண்டு செய்த தொகுதி வேண்டவே வேண்டாம், அட்டையையும் விளம்பரங்களையும் நீக்கிவிட்டுத் தைத்திருப்பார்கள். கேலரி விளம்பரங்கள் இல்லாத ஆர்ட்ஃபோரம் பாதி ஆர்ட்ஃபோரம்தான்.

அப்புறம் அவலாஞ்ச் என்ற இன்னொரு கலைப் பத்திரிகை. 1970 முதல் 1976 வரை மொத்தம் 13 இதழ்கள். முதல் இதழில் ஹைசர், ஆப்பன்ஹைம், ஸ்மித்சன் மூவரும் பேசிய உரையாடல் இருக்கிறது. 2010இல் எல்லாவற்றுக்கும் அச்சு அசல் மறுபதிப்பு வந்தது. படிக்க அது தாராளமாகப் போதும், ஆனால் அசல் இதழுக்குரிய விலையைச் சொன்னால் எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. பாதுகாப்பு

அந்த ஆர்ட்ஃபோரம் பத்தரை அங்குலச் சதுரம், சாதாரணப் பத்திரிகை உறைக்குள் போகாது. எல்.பி. ரெக்கார்டுகளுக்கான பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள், அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பி.வி.சி. உறை, செல்லோடேப் இரண்டும் கூடாது. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட வழுவழுப்புத் தாளை இழுத்துப் பிரிக்கவும் கூடாது, மை உரிந்து வந்துவிடும்.

பின்சேர்க்கை: தபால் செலவு பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவுக்குள் மீடியா மெயில் (புத்தகம் போன்றவற்றுக்கான சலுகைத் தபால்) மலிவுதான், ஆனால் விளம்பரம் உள்ள பத்திரிகைகளுக்கு அது செல்லாது. தபால்துறை பிரித்துப் பார்த்தால் மிச்சக் கட்டணத்தை உங்களிடம் கேட்கலாம். வேறு வகையில் அனுப்பச் சொல்லி, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்லுங்கள்.