மடக்குக் கத்தி வாங்குகிறவர் பார்க்க மறக்கும் ஆணி

இரும்புக்கடைக்குப் போய் ‘மடக்குக் கத்தி இருக்கிறதா’ என்று மொட்டையாகக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கத்தியைத் தேட மாட்டார். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பிறகு, “இல்லையே தம்பி” என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கப் போய்விடுவார். அதே கடையில், “வாழையிலை நறுக்க வேண்டும், நார் கிழிக்க வேண்டும், வரப்பில் நடக்கும்போது சட்டைப்பையில் கிடக்க வேண்டும்” என்று கேட்டால், மேசைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வெளியே வரும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. வேலையைச் சொல்லாமல் பொருளைக் கேட்பதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்தில் பலரும் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது, தவறான கடைக்குப் போவது. தஞ்சாவூரோ கும்பகோணமோ மயிலாடுதுறையோ, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஃபேன்சி ஸ்டோரில் தொங்குபவை பெரும்பாலும் சாவிக்கொத்துக்கு அழகு சேர்க்கிற சாமான்கள். நல்ல மடக்குக் கத்தி மூன்று இடங்களில் கிடைக்கலாம். பழைய கடைத்தெருவில் அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து விற்கும் இரும்புக்கடை ஒன்று. கொல்லர் பட்டறை இன்னொன்று. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: தோட்டக்கலைக் கருவி விற்கும் கடை. மாமரத்துக்கும் ரோஜாவுக்கும் ஒட்டுக் கட்டுகிறவர்கள் வாங்கும் ஒட்டுக் கத்தி மடக்கும் வகையிலும் வருகிறது. செடியின் தோலை நசுக்காமல் சீவ வேண்டிய கத்தி என்பதால் அதன் எஃகில் கஞ்சத்தனம் செய்தால் வாங்கியவர் மறுநாளே திரும்பி வந்துவிடுவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒட்டுக் கத்திகள் பலவற்றில் கூர் ஒரு பக்கம்தான் சரிந்திருக்கும்; வீட்டுக்கு வந்து இரு பக்கமும் தீட்டிவிட்டால் கத்தி கெட்டது.

திருவிழாக் கடையைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருவாரூர் தேரோட்டத்தின்போது, சாக்கு விரித்த கடையில் சிவப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கினேன். அலகு கண்ணாடிபோல மின்னியது. விற்றவர் ஒரு தாளைத் தொங்கவிட்டு வழித்துக் காட்டினார், மயங்கிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் அலகு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. மாங்காயை நறுக்கும்போது ஒருநாள் விரலை நோக்கி மடங்கியது. தாளை நறுக்கிக் காட்டுவது அன்றைய கூர்மையைத்தான் காட்டும். எந்த மட்டமான இரும்பையும் ஒரு மணி நேரத்துக்குக் கூராக்க முடியும்.

எல்லாரும் அலகையே பார்க்கிறார்கள். மடக்குக் கத்தியின் உயிர் அலகும் பிடியும் சேரும் அந்த ஒற்றை ஆணியில் இருக்கிறது. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒரு கருவி உண்டு. ஒரே பிடிக்குள் எழுத்தாணியும் ஓலை வாரும் கத்தியும் மடங்கி உட்காரும். அதைச் செய்த கொல்லருக்கும் தலைவலி இந்த ஆணியாகத்தான் இருந்திருக்கும். கடையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். கத்தியைப் பாதி திறந்து அலகின் நுனியைப் பிடித்து இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆடினாலும் திருப்பிக் கொடுங்கள், அது நாளைக்கு நெல்மணி அளவுக்கு ஆடும். மூடியபின் அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு சுவரை உரசுகிறதா என்று பாருங்கள். முழுதாகத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்புறம் வில் (ஸ்பிரிங் பட்டை) வைத்த கத்தியானால், அலகின் அடிக்கும் வில்லுக்கும் இடையே வெளிச்சம் கசியக் கூடாது. மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சோம்பலாக விழுந்தால் வில்லில் பலம் இல்லை. அலகு மடங்கி உள்ளே போகும்போது கூர் வில்லின்மேல் இடித்தால் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மழுங்கும்.

வில்லே இல்லாமல் ஆணியின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் எளிய கத்திகளும் உண்டு. பலர் இதை மட்டம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தளர்ந்தால் பட்டறைக்கல்லில் வைத்து ஆணித் தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். ஆனால் ஆணி திடமானதாக இருக்க வேண்டும். செருப்புக் கண்ணிபோல உள்ளே துளையிருக்கும் ஆணி என்றால் தட்டினால் நசுங்கும், அவ்வளவுதான். மரப்பிடியானால் வாங்கும் மாதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும்போது கச்சிதமாக இறுகியிருக்கிற கத்தி, பங்குனி வெயிலில் லொடலொட என்று ஆகலாம். மழைக்காலத்தில் வாங்கினால் சற்று இறுக்கமானதையே எடுங்கள்.

அடுத்து காந்தம். பாத்திரக்கடையில் கற்ற பாடத்தை இங்கே கொண்டுவருகிறவர்கள் நிறைய. சாம்பார் குண்டானில் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பார்கள். அதே காந்தத்தைக் கத்தியில் வைத்து, ஒட்டினால் முகம் சுளிப்பார்கள். கத்திக்கு இந்தக் கணக்கு தலைகீழ். காந்தம் ஒட்டாத பாத்திர எவர்சில்வரை, 304 என்று எண் போட்டு விற்பதை, காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கூர் நிற்காது. கடினமாக்கக்கூடிய எஃகு, துருப்பிடிக்காத வகையோ பிடிக்கும் வகையோ, காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டாத கத்தியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கொல்லரிடம் செய்யக் கொடுப்பதானால் எந்த இரும்பு என்று முதலில் கேளுங்கள். கட்டடக் கம்பியைப் போன்ற மென்மையான இரும்பில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கத்திக்கான கடினம் வராது. லாரியின் வில் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் இருக்கிறது. அதனால்தான் பட்டறைகள் பழைய பட்டைகளை வாங்கி அடுக்குகின்றன. அடுத்த கேள்வி துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்துப் பதமாகக் கடினமாக்குவது. சிவக்கக் காய்ச்சித் தோய்த்ததோடு விட்டால் அலகு கண்ணாடிபோல உடையும். அதை மறுபடி மெல்லச் சூடேற்றி, தேய்த்து மினுக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது நிறுத்த வேண்டும். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ். நீலத்துக்குப் போனால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள், கூர் சீக்கிரம் மடங்கும். சிறு அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கூருக்கருகே லேசாக இழுத்துப் பார்க்கலாம்: வழுக்கினால் நல்லது, கடித்துத் துகள் உதிர்ந்தால் துவைச்சல் போதாது. கொல்லர் இதை அனுமதிப்பார். கடைக்காரர் அடிக்க வருவார்.

பெயரை நம்பி வாங்குவது இன்னொரு வழுக்கல். மூன்று ஊர் தாண்டி அடித்த அரிவாளையும் ‘திருப்பாச்சேத்தி’ என்று சொல்லி விற்பார்கள். அந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, அதன் புகழும் அரிவாளுக்குத்தான். ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிக்க 1938 முதல் சட்டக் காவல் உண்டு. நம் கடைத்தெருவில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்துக்கொள்கிறார்கள். சிலுவை போட்ட சிவப்புக் கத்தியும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் அசல் ராணுவ அதிகாரிகள் கத்தி பதிவானது 1897 ஜூன் 12-இல். நமக்கு அந்தத் தேதி மேட்டூர் அணை திறப்புக்கு உரியது என்பதால் எனக்கு மறப்பதில்லை. போலியை நகத்தால் கண்டுபிடிக்கலாம். எழுத்து கோணலாக இருக்கும், ஒரு அலகைத் திறந்தால் அடுத்ததும் கூடவே எழும்.

பிடிக்கு எருமைக்கொம்பு, மரம், பித்தளை எதுவும் சரி. ‘மான்கொம்பு’ என்று யாராவது ரகசியக் குரலில் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தை அனுமதிப்பதில்லை. நீளத்தைப் பற்றிய பயமோ தேவையில்லாதது. ஆயுத விதிகள் பட்டியலிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அதிலும் விலக்கு. உங்களுக்கு வேண்டியது 3 அங்குலம். பொத்தானை அழுத்தினால் தெறித்துத் திறப்பது மட்டும் வேண்டாம். திருச்சியில் விமானம் ஏறும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைத்து அனுப்பும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகும் கெடுக்க வழி இருக்கிறது. மின்சாரச் சாணையில் கொடுத்துப் பொறி பறக்கத் தீட்டுவது ஒன்று. விளிம்பில் நீலம் படர்ந்தால் கொல்லர் கொடுத்த துவைச்சல் அங்கேயே போயிற்று. தண்ணீர் நனைத்த தீட்டுக்கல் போதும். மற்றொன்று, கருத்துப்போன அலகைப் பார்த்துப் பதறிக் கம்பி நாரால் தேய்ப்பது. வாழைத்தண்டும் பாக்கும் பட்டால் துருப்பிடிக்கும் எஃகு கருக்கும். அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால் வருவது அது. சிவப்பாகப் பொருக்கு விடுவதுதான் துரு. அந்தக் கருமையை விட்டுவிடுங்கள், துருவைச் சற்றுத் தள்ளிப்போடும். துடைத்து ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காக இறுகிவிடும்.

அந்தத் தேரோட்டக் கத்தியை ஒருநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கொல்லர் அலகில் அரத்தை ஒருமுறை இழுத்தார், துகள் கொட்டியது. “பிடி இருக்கட்டும் ஐயா, இதைத் தூக்கிப் போடுங்கள்” என்றார். பட்டைத் துண்டில் புதிய அலகு அடித்து, துளை ஆணியைப் பிடுங்கி எஃகு ஆணி இறக்கித் தந்தார். சிவப்புப் பிடியில் கறுப்பு அலகு, பார்க்கக் கோமாளிபோல இருக்கிறது. அம்மா அதை எடுத்துப் போய் வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.