என்தால்பி மாற்றம்: காணாமல் போன 88 கிலோஜூல்

ஒரு வினையில் மாறா அழுத்தத்தில் வெளிவரும் அல்லது உள்வாங்கப்படும் வெப்பம்தான் என்தால்பி மாற்றம்; வெளிவந்தால் எதிர்க்குறி (−). அதைக் கணக்கிடும்போது வரும் தவறுகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சமன் செய்யாத சமன்பாடு, கூட்டல் பிழை இதெல்லாம் இங்கே வேண்டாம். இன்னொரு முறை பார்த்தாலே கண்ணில் பட்டுவிடும். மாணவனாக நான் செய்து, இப்போது திருத்தும் நோட்டுகளில் வருடா வருடம் பார்க்கிற தவறுகள் வேறு.

இயற்பியல் நிலையைக் கவனிக்காதது

மீத்தேன் எரியும் வினையை ஒருமுறை பிணைப்பு ஆற்றலை (ஒரு மோல் பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல்) வைத்துப் போட்டேன். உடைபடுபவை: நான்கு கார்பன்–ஹைட்ரஜன், தலா 413, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள், தலா 498. மொத்தம் 2648 கிலோஜூல். உருவாகுபவை: இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, தலா 799; நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன், தலா 463. மொத்தம் 3450. உடைந்ததிலிருந்து உருவானதைக் கழித்தால் −802. புத்தகத்தில் விடை −890.

ஒரு மாலை முழுக்கக் கூட்டலையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘சராசரி மதிப்புகள் என்பதால் வித்தியாசம்’ என்று எழுதி நோட்டை மூடினேன். அதே வரியை இன்றைக்கும் யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. சராசரியால் பிழை வரும், உண்மைதான். ஆனால் அந்த வரியை எழுதிய கையோடு யோசிப்பதும் நின்றுவிடுகிறது.

பிணைப்பு ஆற்றல்கள் வாயு நிலைக்கு உரியவை. நான் கணக்கிட்டது நீராவி உண்டாகும் வினையை. புத்தகம் சொன்னது திரவ நீர் உண்டாகும் வினையை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நீராவி திரவமாகும்போது சுமார் 44 கிலோஜூல் வெளிவரும். இங்கே இரண்டு மோல், அதாவது 88. வித்தியாசம் அப்படியே அதுதான்!

உருவாதல் என்தால்பி (ஒரு மோல் பொருள் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது வரும் என்தால்பி மாற்றம்) அட்டவணையிலும் இதே ஆபத்து உண்டு. திரவ நீருக்கு −285.8, நீராவிக்கு −241.8. அவசரத்தில் கண் பக்கத்து வரிக்குத் தாவிவிடும். சமன்பாடு எழுதும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் நிலையைக் குறித்துவிடுங்கள். அப்புறம் அட்டவணையைத் திறங்கள்.

இரண்டு சூத்திரங்களைக் கலப்பது

உருவாதல் என்தால்பி என்றால் வினைவிளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழிக்க வேண்டும். பிணைப்பு ஆற்றல் என்றால் உடைந்ததிலிருந்து உருவானதைக் கழிக்க வேண்டும், வரிசை தலைகீழ். மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள். உடைக்க ஆற்றல் செலவாகும், உருவானால் வெளிவரும் என்று நினைத்துக்கொண்டால் குறி தானாக வரும்.

தனிமம் என்றாலே பூஜ்யம்?

உருவாதல் என்தால்பி பூஜ்யமாவது தனிமத்தின் நிலையான வடிவத்துக்கு மட்டும். கிராஃபைட் பூஜ்யம், வைரம் 1.9.

கலோரிமீட்டர்

வினையின் வெப்பத்தை நீரின் வெப்பநிலை மாற்றத்தை வைத்து அளக்கும் கருவி இது. நீர் சூடானால் வினை வெப்பத்தை வெளிவிட்டிருக்கிறது, அதனால் வினையின் என்தால்பி மாற்றத்துக்கு எதிர்க்குறி (−).